தேவை கூடியும் கூலி கூடாதது ஏன்? வீட்டு வேலை குறித்த விவாதங்கள்: ஒரு மதிப்பீடு

"வேலைக்கு ஆளே கிடைக்கிறதில்லை" என்ற பேச்சு சென்னை, கோவை, மதுரை என எந்த ஊர்க் குடியிருப்பிலும் கேட்கக்கூடியது. ஆளுக்குத் தட்டுப்பாடு வந்தால் கூலி ஏற வேண்டும் என்பது சந்தைக் கணக்கு. வீட்டு வேலையில் அந்தக் கணக்கு முழுதாகப் பலிப்பதில்லை. கூலி ஏறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேவை பெருகிய வேகத்தில் அது ஏறியதாகத் தெரியவில்லை. ஏறிய இடங்களிலும் தனி டம்ளர், தனித் தட்டு போன்ற வழக்கங்கள் கூடவே ஒழிந்துவிடவில்லை. தேவை, கூலி, மரியாதை மூன்றும் ஏன் சேர்ந்து நகர்வதில்லை? இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் முக்கியமானவை எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் விளக்குகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பிரச்சினையின் பரப்பு பெரிது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் 7 கோடியே 56 லட்சம் பேர் வீட்டுப் பணியாளர்கள். நான்கில் மூவர் பெண்கள். பத்தில் எட்டுப் பேர் எந்த முறையான பாதுகாப்பும் இல்லாதவர்கள். இந்தியாவில் எத்தனை பேர் என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2004-05இல் அரைக் கோடிக்கும் குறைவாகக் காட்டியது. முறைசாராத் தொழிலாளர்களுக்கென 2021இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் இவ்வகையில் தாமே பதிந்துகொண்டவர்கள் 2 கோடியே 50 லட்சத்துக்கும் மேல். ஒரு தொழிலின் ஆள்கணக்கே ஐந்து மடங்கு முன்னும் பின்னும் போகிறதென்றால், அதன் கூலியைப் பற்றிய எந்த முடிவையும் நிதானத்தோடுதான் சொல்ல வேண்டும்.

கூலி பேசப்படும் முறை

கோட்பாடுகளுக்குப் போகுமுன் நடைமுறையைப் பார்க்க வேண்டும். தமிழக நகரங்களில் வீட்டு வேலைக்குக் கூலி பெரும்பாலும் மணிக்கணக்கில் பேசப்படுவதில்லை; வேலைக்கணக்கில், மாதச் சம்பளமாகப் பேசப்படுகிறது. பாத்திரம் தேய்க்க இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, கழிவறை கழுவினால் அதற்குத் தனியே. சமையலுக்கு வேறு ரேட், பெரும்பாலும் வேறு ஆள்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணக் கணக்கு போடலாம். ஒரு பெண் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம், மாதம் 2,500 ரூபாய். மாதத்தில் 28 நாள் போகிறார். 10,000 ரூபாயை 168 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 60 ரூபாய். ஆனால் அவர் காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பித் திரும்பும்போது பிற்பகல் மூன்று ஆகிறது. பஸ்ஸுக்கு நிற்பது, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கழியும் நேரம், "இன்னும் சாப்பிட்டு முடிக்கல, கொஞ்சம் இரு" என்று காத்திருக்கச் சொல்லும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம். அப்போது மணிக்கு 40 ரூபாய்தான். ஊரிலிருந்து விருந்தாளி வந்து தொட்டி நிறையப் பாத்திரம் விழுகிற நாளில் அந்த 40 ரூபாயும் இறங்கும். மாதச் சம்பளம் மாறாது. வேலை கூடினால் அதே சம்பளம், லீவு கூடினால் பிடித்தம் என்பதே பல வீடுகளில் எழுதப்படாத விதி. கீழே வரும் விளக்கங்களை இந்தக் கணக்கோடு உரசிப் பார்ப்பது பயன் தரும்.

செல்வம் சேர்க்காத உழைப்பு என்ற தீர்ப்பு

மிகப் பழைய விளக்கம் அரசியல் பொருளாதாரத்திலிருந்து வருகிறது. ஆலையில் வேலை செய்பவரின் உழைப்பு ஒரு பண்டத்தில் நிலைக்கிறது, வீட்டு ஏவலரின் உழைப்பு செய்த கணமே மறைந்துவிடுகிறது என்று 1776இல் ஆடம் ஸ்மித் பிரித்தார். முதலாமவர் உற்பத்தி உழைப்பாளி, இரண்டாமவர் அப்படி அல்லர். மார்க்ஸ் வேறு வழியில் போனாலும், மூலதனத்துக்கு உபரி ஈட்டாமல் முதலாளியின் சொந்த வருமானத்திலிருந்து கூலி பெறும் உழைப்பு என்ற வகையில் அதைத் தனியே வைத்தார்.

இந்தப் பார்வையில் ஓர் உண்மை இருக்கிறது. வீட்டு வேலைக்கான கூலி லாபத்திலிருந்து வருவதில்லை; இன்னொருவரின் சம்பளத்திலிருந்து வருகிறது. ஆகவே வேலை கொடுப்பவரின் சம்பளமே அதற்கு உச்சவரம்பு. ஆனால் அதே சம்பளத்திலிருந்துதான் டியூஷன் ஆசிரியருக்கும் பல் மருத்துவருக்கும் பணம் போகிறது. அவர்களுடைய ரேட் ஏன் வேறு என்பதற்கு இதில் பதில் இல்லை.

ஆள் மிகுதி என்ற விளக்கம்

திறன் தேவைப்படாத வேலை, வரிசையில் நிற்கும் ஆட்கள் அதிகம், ஆகவே கூலி குறைவு என்பது பொதுவாகச் சொல்லப்படும் பொருளாதார விளக்கம். விவசாயக் கூலி வேலை சுருங்கியதும் கிராமத்திலிருந்து வந்த பெண்களுக்கு வேறு கதவுகள் திறக்காததும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன.

இரண்டு இடங்களில் இது இடறுகிறது. முதலாவது, திறன் பற்றிய அனுமானம். கைக்குழந்தையையும் படுக்கையில் கிடக்கும் முதியவரையும் நம்பி ஒப்படைக்கிற வேலையைத் திறனற்றது என்று வகைப்படுத்துவது, வேலையை அளந்து வந்த முடிவு எனத் தோன்றவில்லை. அதைப் பெண்கள் வீட்டிலேயே கற்றுக்கொள்வதால் வந்த முடிவு. இரண்டாவது, சந்தை என்பது ஊர் முழுவதற்குமான ஒன்று அன்று. நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய்ச் சேரக்கூடிய சில தெருக்கள்தான் ஒரு பணியாளரின் சந்தை. சென்னை நகரின் நடுவிலிருந்த குடிசைப் பகுதிகளை அகற்றி, 2000க்குப் பிறகு கண்ணகி நகரிலும் அதைத் தொடர்ந்து செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தியபோது, பழைய வீடுகளில் வேலை பார்த்தவர்கள் ஒன்று அந்த வேலையை இழந்தார்கள், அல்லது தினமும் நீண்ட பயணத்தைச் சுமந்தார்கள். மறுபக்கம், ஒரே வளாகத்தில் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம பிளாக்கில் யாரும் ரேட்டை ஏத்திவிடாதீங்க" என்று பேசிக்கொள்ள முடிகிறது. பணியாளர்களுக்கு அத்தகைய மேடை அரிது. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, இந்தச் சின்னச் சந்தையின் எல்லையைச் சற்று அகலப்படுத்தியிருக்கக்கூடும். கூலியில் அதன் விளைவு எவ்வளவு என்பது தனியே ஆராயப்பட வேண்டியது.

சம்பளமில்லா வேலையின் நிழல்

1970களில் பெண்ணியர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். மரியரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி ஆகியோர், வீட்டில் மனைவியும் தாயும் சம்பளமின்றிச் செய்யும் வேலையின் மேல்தான் மற்றெல்லா உற்பத்தியும் நிற்கிறது என்று வாதிட்டனர். இதைக் கூலிக்குச் செய்யும் வேலைக்குப் பொருத்தினால் ஒரு வலுவான விளக்கம் கிடைக்கிறது. வேலை கொடுக்கும் குடும்பம் கூலியை ஒப்பிடுவது அதே வேலையின் முந்தைய விலையோடு. அந்த விலை பூஜ்யம். "நானே செஞ்சுக்குவேன், நேரம் இல்லாததால்தான்" என்ற எண்ணத்தின் முன்னால் எந்தத் தொகையும் அதிகமாகவே தெரியும்.

இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு அதற்காகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். நீதிமன்றங்கள் இழப்பீட்டு வழக்குகளில் இல்லத்தரசியின் உழைப்புக்கு விலை வைத்து வந்திருக்கின்றன. லதா வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் அதை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. அதை உதவித் தொகை என்னாமல் உரிமைத் தொகை என்று அரசு அறிவித்ததில் இந்த விவாதத்தின் தாக்கம் தெரிகிறது.

ஆனால் இந்த விளக்கம் பெண்களை ஒரே அணியாக நிறுத்துகிறது. கூலி பேசும்போது மேசையின் இரு பக்கமும் பெண்களே. வீட்டு வேலையை ஆண்கள் பகிர்ந்துகொள்ளாததால் எழும் சுமையை ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு, தன் சம்பளத்தைவிடக் குறைந்த தொகைக்குக் கைமாற்றுகிறார். வேலைக்கு வரும் அந்தப் பெண்ணின் குழந்தையைப் பாட்டியோ மூத்த மகளோ சம்பளமின்றிப் பார்த்துக்கொள்கிறார். நாடுகளுக்கிடையே நீளும் இத்தொடரை 2000 வாக்கில் ஆர்லி ஹோக்ஷீல்டும் ரேசல் பரேன்யாஸும் விவரித்தனர். அடையாற்றுக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையிலும் அதே தொடர் ஓடுகிறது.

சாதியும் வாசற்படியும்

இந்தியாவில் எழுதப்பட்ட ஆய்வுகள் இந்த இடத்தில்தான் அழுத்தம் கொடுக்கின்றன. மதுரையில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் சாரா டிக்கி, வேலை கொடுப்போரின் கவலை கூலியைவிட வாசற்படியைச் சுற்றியே இருந்ததைக் காட்டினார். வெளியிலிருந்து என்ன உள்ளே வருகிறது, உள்ளேயிருந்து பொருளும் பேச்சும் எப்படி வெளியே போகின்றன என்பதே அந்தக் கவலை. கொல்கத்தாவை ஆராய்ந்த ராகா ரேயும் சீமின் கய்யூமும் 2009இல் வெளியிட்ட நூலில், பழைய ஜமீன் வீட்டின் ஏவல் மரபு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வேறு உருவில் தொடர்வதைச் சொன்னார்கள்.

கூலி விவரத்திலேயே சாதி படிந்திருக்கிறது. சமையலறைக்குள் யார் வரலாம், கழிவறையை யார் கழுவ வேண்டும் என்பது பல வீடுகளில் இன்றும் வேலைத் திறனைப் பார்த்து முடிவாவதில்லை. சமையலுக்கும் கழுவலுக்கும் உள்ள ரேட் வித்தியாசத்தில் ஒரு பகுதியையாவது இதுதான் விளக்குகிறது. பணியாளருக்கென்று தனி லிஃப்ட், வாயிலில் பை சோதனை, செக்யூரிட்டியிடம் வருகைப் பதிவு என்று புதிய குடியிருப்புகள் போட்டுக்கொண்ட விதிகளில் பழைய தீட்டு பாதுகாப்பு என்ற பெயரில் வருகிறதா என்பது நியாயமான கேள்வி.

இந்த விளக்கத்துக்கும் எல்லை உண்டு. சாதி இல்லாத சமூகங்களிலும் வீட்டு வேலைக்குக் கூலி குறைவு. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களும், பிறகு லத்தீன் அமெரிக்கப் பெண்களும் அந்த இடத்தில் நின்றார்கள். எங்கும் பொதுவாகத் தெரிவது, அந்தந்தச் சமூகத்தில் பேரம் பேச இயலாத பிரிவிடம் இந்த வேலை போய்ச் சேர்கிறது என்பதே. இந்தியாவில் அந்தப் பிரிவைத் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரும்பங்கு இருக்கிறது.

தேவை எதனால் வளர்கிறது?

நவீனம் வந்தால் வீட்டு வேலையாள் என்ற இனமே மறையும் என்று சமூகவியலாளர் லூயி கோசர் 1973இல் எழுதினார். அதற்கு மூன்றாண்டு முன்னர் எஸ்டர் போசரப், வளர்ச்சியின் நடுக்கட்டத்தில் அது பெருகிப் பின் குறையும் என்றார். இரண்டுமே பொய்த்தன. வாஷிங் மெஷினும் மிக்ஸியும் வந்தன, வேலையாளும் இருந்தார்.

பெண்கள் வேலைக்குப் போவதால் தேவை கூடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. இந்தியாவில் அது அரை விளக்கமே. நகர்ப்புறப் பெண்களின் வேலைப் பங்கேற்பு நெடுங்காலம் தாழ்ந்தே கிடந்தபோதும் வீட்டுப் பணியாளர் எண்ணிக்கை கூடியது. சமூகவியலாளர் ரூத் மில்க்மேனும் வேறு இருவரும் 1998இல் அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டு வேறொரு காரணத்தைக் கண்டனர்: வருமான ஏற்றத்தாழ்வு அதிகமுள்ள நகரங்களில் வீட்டு வேலையில் இருக்கும் பெண்களின் விகிதமும் அதிகம். அதாவது ஒருவரின் ஒரு மணி நேரச் சம்பளத்துக்கும் இன்னொருவரின் ஒரு மணி நேரச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியே தேவையை உருவாக்குகிறது. இது சரியென்றால் சங்கடமான முடிவு ஒன்று வருகிறது: கூலி போதிய அளவு உயர்ந்தால் தேவையின் ஒரு பகுதி கரைந்துபோகும். குறைந்தபட்சக் கூலியை எதிர்ப்போர் கையில் எடுப்பது இந்த வாதத்தைத்தான்.

சட்டம் செய்ததும் செய்யாததும்

வீட்டுப் பணியாளருக்கான தனிநபர் மசோதாக்கள் 1959லேயே நாடாளுமன்றத்துக்கு வந்தன, நிறைவேறவில்லை. 1980இல் பூனாவில் வீட்டு வேலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் சங்கமாக வளர்ந்து, விடுப்பு, போனஸ் போன்றவற்றைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவந்தது. 2004இல் கர்நாடகம் முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. 2018இல் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 ரூபாய்க்குக் கீழே. மேலே போட்ட உதாரணக் கணக்கோடு ஒப்பிட்டால், காத்திருக்கும் நேரத்தை விட்டுவிட்டால் சந்தைக் கூலியே அதைவிட அதிகம். அந்த நேரத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய சமம். அந்த ஆணை யாருடைய கூலியை உயர்த்தியிருக்கும் என்பது ஐயத்துக்குரியது.

நல வாரியம் கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் போன்றவற்றைத் தருகிறது. ஆனால் கட்டுமானத் தொழிலாளர் வாரியத்துக்குக் கட்டடச் செலவில் 1 சதவீதம் வரியாக வருவதுபோல, வீட்டு வேலை கொடுப்போரிடமிருந்து வரும் நிலையான நிதி இதற்கு இல்லை. சொத்து வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகை வசூலிக்கலாம் என்ற யோசனை சங்கங்களிடம் உண்டு. 2013ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்றது முக்கியமான முன்னேற்றம். ஆனால் 2020ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தொழில் என்பதன் வரையறையிலிருந்து வீட்டுப் பணியை விலக்குகிறது. வீட்டுப் பணியாளருக்கென 2011இல் ஜெனீவாவில் நிறைவேறிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கைக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் தேவையா என ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

பிற நாடுகளின் அனுபவம்

கூலி ஏறினால் வேலை போய்விடும் என்ற அச்சத்துக்குத் தென்னாப்பிரிக்கா ஒரு பதில் தருகிறது. அங்கே 2002இல் குறைந்தபட்சக் கூலி வந்த பின் நடந்ததை பொருளாதார ஆய்வாளர்கள் டிங்கல்மேனும் ரஞ்சோடும் ஆராய்ந்தார்கள். கூலி சுமார் 20 சதவீதம் உயர்ந்தது. வேலைவாய்ப்பிலோ வேலை நேரத்திலோ குறிப்பிடத்தக்க வீழ்ச்சி தெரியவில்லை. அமலாக்கம் பலவீனமாக இருந்த சூழலிலும், எழுதப்பட்ட ஒரு தொகை பேரத்துக்குப் பிடிமானம் தந்திருக்கலாம்.

பிரேசில் எச்சரிக்கை தருகிறது. 2013 அரசியலமைப்புத் திருத்தமும் 2015 சட்டமும் முழு உரிமைகளைத் தந்தன. ஆனால் அவை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஒரே வீட்டில் வேலை செய்பவருக்கு மட்டும். அதன் பின் நாள்கூலி முறை பெருகியது. அது சட்டத்தால் வந்ததா, அதே காலத்தின் பொருளாதார மந்தத்தால் வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நான்கு வீடு பார்க்கும் தமிழகப் பணியாளருக்கு இந்த அனுபவம் நேரடியாகப் பொருந்தும்: ஒரே வேலை கொடுப்பவரை மனத்தில் வைத்து எழுதும் சட்டம் இங்கே பெரும்பான்மையைத் தொடாது.

உருகுவே இன்னொரு வழியைக் காட்டியது. 2008 முதல் அங்கே வீட்டுப் பணியாளர் சங்கமும் அரசும் கூலி பேசும் மேசையில், வேலை கொடுப்போர் தரப்பில் இல்லத்தரசிகள் சங்கம் உட்காருகிறது. மீறல் நடந்ததாகக் கருத முகாந்திரம் இருந்தால் நீதிமன்ற அனுமதியோடு ஆய்வாளர் வீட்டுக்குள் செல்லலாம். வீட்டின் அந்தரங்கமும் தொழிலாளர் உரிமையும் ஒத்துவராது என்ற வாதம் அங்கே வலுவிழக்கிறது. பெல்ஜியம் 2004 முதல் மானியக் கூப்பன் மூலம் பணியாளர்களை நிறுவன ஊழியர்களாக்கியது. வசதியுள்ளோர் வீட்டைச் சுத்தம் செய்ய அரசு ஏன் செலவிட வேண்டும் என்ற விமர்சனம் அதைத் தொடர்கிறது.

செயலிகளின் வருகை

2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி என்ற செயலி நிறுவனம் மும்பையில் 15 நிமிடத்தில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் சேவையை மணிக்கு 49 ரூபாய் அறிமுக விலையில் தொடங்கியது. முதலில் வைத்த பெயருக்கு எதிர்ப்பு வர, பெயரை மாற்றியது. பணியாளருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கும் என்று அந்நிறுவனம் சொன்னது. முதலீட்டாளர் பணத்தில் நிற்கும் இந்த இடைவெளி எத்தனை நாள் நீடிக்கும் என்பது தெளிவில்லை. ஆனால் மாதச் சம்பளத்துக்குள் மறைந்திருந்த மணி நேரத்தைச் செயலி வெளியே எடுத்து வைத்திருக்கிறது. அதே நேரத்தில் நட்சத்திர மதிப்பீடு, உடனடி வருகை போன்ற புதிய கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்திருக்கிறது. செயலிவழி வேலை செய்வோருக்காக 2023இல் தமிழ்நாடு அமைத்த கிக் தொழிலாளர் நல வாரியத்துக்கு இவர்கள் போவார்களா, வீட்டுப் பணியாளர் வாரியத்திலேயே இருப்பார்களா என்பதும் முடிவாக வேண்டும்.

பாசமா, ஒப்பந்தமா?

மரியாதை பற்றிய விவாதம் இங்கே வந்து நிற்கிறது. பாஸ்டன் நகரை ஆராய்ந்த ஜூடித் ரோலின்ஸ் 1985இல், பழைய துணி தருவதும் தாய்போல் அறிவுரை சொல்வதும் பணியாளரைத் தாழ்த்தி வைக்கும் வழிகளே என்றார். லாஸ் ஏஞ்சலிஸை ஆராய்ந்த பியரெட் ஓண்டக்னியூ-சோட்டேலோ 2001இல் ஒரு திருத்தம் சொன்னார்: முகம் பார்த்துப் பேசாத வேலை கொடுப்போரைப் பணியாளர்கள் விரும்புவதில்லை, மனுஷியாக மதிக்கும் உறவை அவர்கள் கேட்கிறார்கள், தானத்தை அல்ல.

தமிழகச் சூழலில் இந்த வேறுபாடு கூர்மையானது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு முன்பணம் கொடுப்பதும், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைகொடுப்பதும் வீட்டுக்கார அம்மாதான்; வங்கி அல்ல. சட்ட ஒப்பந்தம் வந்தால் அந்த முன்பணம் நின்றுவிடுமோ என்ற பயத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்க முடியாது. ஆனால் முன்பணம் வாங்கியவர் அடுத்த வருடம் கூலி உயர்வு கேட்க வாய் திறப்பது கடினம். தீபாவளிப் புடவை சம்பளத்தின் பகுதியா, பெரிய மனசா என்று எழுதப்படாதவரை, அது குறைந்த கூலியை நியாயப்படுத்தவும் பயன்படுகிறது.

மதிப்பீடு

மேற்கண்ட விளக்கங்களில் எதுவும் தனியாக நிற்கவில்லை. ஏற்றத்தாழ்வு தேவையைப் பெருமளவு விளக்குகிறது. சம்பளமில்லா வேலையின் நிழல், கூலி எந்த எண்ணிலிருந்து தொடங்குகிறது என்பதை விளக்குகிறது. சாதியும் இடமும் யாரால் பேரம் பேச முடியாது என்பதைச் சொல்கின்றன. ஆள் மிகுதி என்ற வாதம் தனித்து நிற்கும்போதுதான் மிகப் பலவீனமாகத் தெரிகிறது.

தீராத கேள்விகள் சில. பல வீடுகளுக்கு உழைப்பவரின் சமூகப் பாதுகாப்புச் செலவை அந்த வீடுகளுக்கிடையே எப்படிப் பங்கிடுவது? கூலி எந்த அளவு ஏறினால் தேவை குறையத் தொடங்கும்? தென்னாப்பிரிக்க முடிவு, இவ்வளவு பேர் காத்திருக்கும் நாட்டுக்குப் பொருந்துமா? இவற்றுக்கு நம்பகமான இந்தியத் தரவு தேவை. ஆள்கணக்கே உறுதியாகாத நிலையில் அது எளிதில் கிடைக்காது.

ஆனால் ஒன்றைச் சொல்லத் தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக்கணக்கில் பேசும் மாதச் சம்பளம், கூடுதல் உழைப்பை மறைக்கிறது. மறைந்த உழைப்பைச் சட்டத்தாலும் அளக்க முடிவதில்லை. எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, வாரத்தில் எந்த நாள் விடுமுறை, விருந்தாளி வந்தால் எவ்வளவு கூடுதல் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுவதற்கு எந்த மசோதாவும் வர வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கூலி ஆணை அங்கிருந்துதான் உயிர்பெறும். அந்தத் தாளை எழுத வேண்டிய பொறுப்பு, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் நம்முடையது.